ஓடைக்கு அக்கரை போன பள்ளிக்கூடம்

மத்தியானமே டெம்பி வீடு திரும்பிவிட்டாள். கையில் சிலேட்டு, கண்ணில் தண்ணீர். கெசையா இஸ்திரிப் பெட்டியை அடுப்பின்மேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்தது பள்ளிக் குழுத் தலைவர் ப்ரூவிட்டின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.

"என்னடி ஆச்சு?"

"இனிமே வராதேன்னுட்டாங்கம்மா. கறுப்புப் புள்ளைங்களுக்குத் தனியா ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போறாங்களாம்."

"எப்போ?"

"அதை மட்டும் சொல்லல."

கான்சாஸ் புல்வெளியில் எங்கள் ஊர் நாலு மண்குடிசையாக இருந்தபோது, கெசையாவின் புருஷன் ஐசம் பலகை வாங்கி வந்து ஓர் அறை கட்டினான். ஊரின் முதல் பள்ளிக்கூடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அதுவே தேவாலயம். அன்றைக்கு யாரும் நிறம் பார்க்கவில்லை; பார்த்துப் பிரிக்கிற அளவுக்குப் பிள்ளைகளே இல்லை. அப்புறம் ரயில் வந்தது, ரயிலோடு ப்ரூவிட் வந்தார், அவரோடு இந்த நாகரிகமும் வந்து இறங்கியது. ஐசம் காய்ச்சலில் போனான். போன குளிர்காலத்தில் டெம்பியைக் கதவோரக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பனி நேராக முகத்தில் அடிக்கும் இடம். கெசையா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இப்போது கதவுக்கு வெளியிலேயே தள்ளிவிட்டார்கள்.

சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு ப்ரூவிட்டின் கடைக்குப் போனாள்.

"ஐயா, அந்தக் கட்டடம் எம் புருஷன் கட்டினது."

"அதுக்குத்தான் அப்பவே நன்றி சொல்லியாச்சே" என்றார் ப்ரூவிட், சட்டையைத் தடவிப் பார்த்தபடி. "அடுத்த தடவை காலருக்குக் கஞ்சி கொஞ்சம் கூடப் போடு."

கெசையா நேராக ஓடையைத் தாண்டி, கறுப்புக் குடும்பங்கள் இருந்த மேட்டுக்குப் போனாள். கொழுந்தன் எல்பர்ட் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் மாடு அத்தனையும் எனக்கு வேணும்."

"எதை இழுக்கணும் அண்ணி?"

"பள்ளிக்கூடத்தை."

அவன் சிரிக்கவில்லை. எங்கள் சமவெளியில் கட்டடத்துக்கு அடியில் மரம் கொடுத்து, மாடு பூட்டி இழுத்துப் போவது வழக்கம்தான். ரயில் பாதை தள்ளிப் போனால் கடைத்தெருவே கூட நகரும். இழுக்க வசதியாக, அப்போது தரையும் ஓடையும் பனியில் உறைந்தும் கிடந்தன.

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் கிறீச்சிட்டு அசைந்தது. ப்ரூவிட் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"ஏய்! ஊர்ச் சொத்தை எங்கே கொண்டு போறே?"

"நிலம்தான் ஊரோடது. அதை அங்கேயே விட்டுட்டுத்தான் போறேன், நல்லாப் பார்த்துக்கோ" என்றாள். அவரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "கட்டடத்தை எம் புருஷன் ஊருக்கு எழுதியா கொடுத்தான்?"

ப்ரூவிட் பின்னாலேயே வந்து நின்ற ஊர்க் காவல் அதிகாரி ஷெரீப்பைப் பார்த்தார். ஷெரீப் உதட்டைப் பிதுக்கினார். "எழுதி வாங்கலையே ப்ரூவிட். கறுப்பன்தானேன்னு நீங்கதான் அதெல்லாம் வேண்டாம்னீங்க."

மாடு ஓட்டும் சாட்டைச் சத்தத்தில் ப்ரூவிட்டின் கத்தல் அமுங்கிப் போயிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னாலேயே நடந்தாள்.

மறுநாள் பிரசங்கத்துக்கு வேறு கூரை இல்லை. பாதிரியார் ஓடையைத் தாண்டினார். முணுமுணுத்துக்கொண்டு ஊரும் தாண்டியது. கஞ்சி போட்ட காலரோடு கடைசியாக வந்தவர் ப்ரூவிட். அடுப்பைச் சுற்றி மேட்டுக் குடும்பங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தன. கதவோர பெஞ்சு மட்டும் காலி.

"அங்கே பனி அடிக்குமே" என்றார்.

"அடிக்கும்" என்றாள் கெசையா. அவள் மனம் குளிர்ந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "எம் பொண்ணு ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்த இடம். நீங்க பார்த்துப் போட்ட இடம்தான், உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முதல் வரிசையிலிருந்து டெம்பி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு" என்றாள் கெசையா. "உங்க பொண்ணு ஆக்னஸையும் அனுப்புங்க. வராதேன்னு நாங்க யாரையும் சொல்றதில்லை."