உமி காட்டிய கோணம்

இருபது டிகிரி என்று அண்ணனிடம் சொன்னது நான்தான். அது தப்பு என்று சொல்லவும் நானே போக வேண்டியிருந்தது.

எழுபத்தொன்பதில் சோழவரம் பந்தயத்தில் அண்ணன் பொன்னுராஜின் ஃபியட், வளைவில் பின்பக்கம் வழுக்கி உருண்டது. காறை எலும்பு முறிந்தது. மனுசன் திருந்துவானா? அடுத்த வருடமும் பெயர் கொடுத்துவிட்டான்.

"காலேஜில இஞ்சினியரிங் படிக்கிறவ நீ. பின்னால ஒரு ரெக்கை வச்சுக் குடு" என்றான்.

விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தால் காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும். எவ்வளவு சாய்ப்பது என்பதுதான் கேள்வி. காற்று கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். அனுமந்தன்பட்டியில் எங்கள் வயலுக்கு முறைத்தண்ணீர் வந்த அன்று, மரத்தில் செதுக்கிய சிறு இறக்கையை வாய்க்காலில் நட்டு, உமியைத் தூவினேன். ஒட்டி ஓடினால்தான் அழுத்தம், விலகிச் சுழன்றால் அது போய்விடும். இருபது டிகிரி வரை உமி இறக்கையை ஒட்டியே வழிந்தது. அண்ணன் அதே கோணத்தில் தகர இறக்கையைப் பொருத்திவிட்டு, தேனி பஜாரெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. வேகம் வேண்டுமென்று ஒரு முழ அகல வாய்க்காலைப் பிடித்திருந்தேன். இரண்டு கரையும் நெருக்கினால் தண்ணீர் எங்கே விலகும்? ரோட்டில் காற்றுக்கு ஏது கரை? பெரிய வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுபடி பார்த்தேன். பதினாலிலேயே உமி இறக்கையை விட்டு விலகிச் சுழன்றது. பன்னிரண்டில் ஒட்டி ஓடியது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணன் அசையவில்லை. "போ சுகிர்தம். ஒருக்கா இருபதுங்குற, ஒருக்கா பன்னெண்டுங்குற. சாய்ச்சாத்தான அமுக்கும்?"

வாக்குவாதம் எனக்கு வராது. இறக்கையின் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன்.

"கூடலூர் ரோட்டுல விரட்டுண்ணே. நேரான எடத்துல கண்ணாடியப் பாரு."

கம்பம் தாண்டி எண்பதைத் தொட்டான். உயரத் தூக்கிக் கட்டிய இறக்கையின் அடியில் நூல்கள் பேய் பிடித்தாற்போல் ஆடின. சில முன்பக்கமாகவே புரண்டன. அண்ணன் கண்ணாடியைப் பார்த்தான். வேகம் குறைந்தது.

"இதோடயா அந்த வளைவுல போயிருப்பேன்?"

"ஆமாண்ணே. நான் சொன்னதக் கேட்டு."

புளியமர நிழலில் நிறுத்தினான். ஸ்பேனரைக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. நானே பன்னிரண்டுக்கு இறக்கி, நாலு போல்ட்டையும் கை நோக முறுக்கினேன். திரும்பும்போது எண்பதிலும் நூல்கள் படிய வாரிய தலைமுடி போலக் கிடந்தன.

அண்ணன் கண்ணாடியில் நூலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"சோழவரத்துக்கு நீயும் வரணும்த்தா. அந்தப் போல்ட்ட வேற யாரும் தொடக் கூடாது."