மிச்சமிருந்த எண்ணெய்

அடித் திருகாணியைக் கழற்றியதும் அரை டம்ளர் எண்ணெய்தான் வந்தது. கறுத்துப்போய், இரும்புத்தூளோடு. படகு மோட்டாரில் தண்ணீருக்குள் மூழ்கி விசிறியைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி அது. முக்கால் லிட்டர் பிடிக்கும். மிச்சம் எந்த வழியாகக் கசிந்தது என்று கண்டுபிடிக்கத்தான், மோட்டாரைப் பராமரிக்கிற பிரபு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இளைஞர் மன்றத்து ஷெட்டைத் திறந்திருந்தான்.

“நான் அப்பவே சொல்லல? கல்லுல இட்ச்சி ஓட்டை போட்டுட்டான்” என்றாள் கோவிந்தம்மா. வாசலில் நின்ற அன்புவைப் பார்க்காமலே சொன்னாள்.

போன ஐப்பசி வெள்ளத்தில் அவள் அம்மா பாப்பம்மாளுக்கு மூச்சுத்திணறல் வந்தது. தெருவெல்லாம் மார்பளவு தண்ணீர். மன்றத்துப் படகில் கிழவியைப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் நின்ற ஒரகடம் ரோட்டுக்கு ஓட்டிப்போனவன் அன்பு. பாதி வழியில் மோட்டார் இறுகி நின்றுவிட்டது. அவன் துடுப்புப் போட்டுக் கரை சேர ஒரு மணி நேரமானது. அதற்குள் பாப்பம்மாள் அடங்கிவிட்டாள்.

மோட்டாரின் அடியில் கல் உரசிய கீறல் ஒன்று இருந்தது. ஊருக்கு அது போதாதா? குற்றவாளி கிடைத்துவிட்டால் அப்புறம் விசாரணை எதற்கு? பாடையில் தோள் கொடுக்க வந்த அன்புவை, “கை வெக்காத” என்று கோவிந்தம்மா தள்ளிவிட்டாள். அந்த இடத்தில் பிரபு தோள் கொடுத்தான். அன்பு மறுவாரமே இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். இந்த வருஷ மழைக்குப் படகு வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் வேறு யாருமில்லை என்று பிரபுதான் அவனைக் கூப்பிட்டிருந்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் கோவிந்தம்மாவும் வந்தாள். ஓட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

பிரபு அடித் திருகாணியைக் கையாலேயே முடுக்கிவிட்டு, மேல் துளையில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தான். பம்பிலிருந்த அழுத்தமானியின் முள் பத்துக்கு ஏறியது. பெட்டியை அப்படியே தண்ணீர் டிரம்மில் இறக்கினார்கள். “குமிழி எங்க வருதோ அங்கதான் லீக்கு” என்றான்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அன்பு விசிறியைப் பிடித்துக் கறகறவென்று திருப்பியும் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. முள் பத்திலேயே நின்றது.

பிரபு ஒரு கையால் பெட்டியைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே மறு கையை நீட்டினான். டம்ளரை எடுத்து மறுபடி பார்த்தான். ஓட்டை இருந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும், எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இதில் ஒரு பொட்டு வெளுப்பு இல்லை. அப்படியானால் எண்ணெய் வெளியே போகவே இல்லை. உள்ளேயும் போகவில்லை.

அண்ணாந்து பரணைப் பார்த்தான். வெள்ளத்துக்கு முந்தின வாரம் அவன் வாங்கிவந்த ஒரு லிட்டர் பாட்டில் அங்கேயே இருந்தது. முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். பதினோரு வருஷமாகக் கார் கம்பெனியில் கியர்பாக்ஸ் லைனில் நிற்பவன் அவன். அங்கே எண்ணெய் மேலே ஊற்ற வேண்டியது, வழிந்தால் நிறுத்த வேண்டியது. இங்கேயும் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மேல் துளையில் ஊற்றினான், உடனே வழிந்தது, துடைத்து மூடிவிட்டான். இந்தப் பெட்டிக்கு அடித் துளையிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற காற்று எண்ணெயை இறங்க விடாது. அதை அவன் இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்ட அன்றும் இது உறைக்கவில்லை.

“இன்னாடா, எங்க கீது லீக்கு?” என்றான் அன்பு. குரல் ஏற்கெனவே தண்டனையை ஒப்புக்கொண்ட குரல்.

பிரபுவின் கை டிரம்முக்குள் இருந்தது. அடித் திருகாணியை விரலால் அரைச்சுற்று தளர்த்தினால் போதும், குமிழி வரும். கல்லில் அடிபட்டுத் தளர்ந்தது என்று சொன்னால் கேட்க ஆளில்லை. விரல் திருகாணியைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

கையை வெளியே எடுத்தான். பரணிலிருந்து பாட்டிலை இறக்கிக் கோவிந்தம்மா முன்னால் வைத்தான்.

“லீக்கே இல்லக்கா. நான் எண்ணெய சரியா ஊத்தல. இதோ, எல்லாம் இதுலயே கீது. அன்பு மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் பாட்டிலைத் தூக்கி, எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று பார்த்தாள்.

“ஊத்திருந்தா எங்கம்மா பொழைச்சிருக்குமா?”

“தெரியாதுக்கா. மோட்டார் நின்னுருக்காது.”

அன்பு டிரம்மின் விளிம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுவது குலுங்கிய முதுகில்தான் தெரிந்தது. கோவிந்தம்மா அவனருகே போய், பத்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“அன்பு, வர்ற ஐப்பசில அம்மாக்கு மொத தெவசம். வூட்டுக்கு வந்துடு. உன்ன தள்ளிவுட்ட கை இதுதான், மனசுல வெச்சிக்காத.”

பிறகு நிமிர்ந்து பிரபுவைப் பார்த்தாள். அம்மாவைச் சுமந்த அந்தத் தோளை. அவன் எதையும் கேட்கத் தயாராக நின்றான், திட்டக்கூட மாட்டாளா என்று. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.