பாண்டுப்புக்கும் சயானுக்கும் நடுவில் வளர்ந்த தாடி

காலை ஏழு ஐம்பத்திமூன்றுக்கு தானே ஸ்டேஷனில் புறப்படும் ஸ்லோ வண்டியில், பின்னாலிருந்து நாலாவது பெட்டியில், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நாணுவின் முழங்காலுக்கு நேராக நிற்பவருக்கு பாண்டுப்பிலிருந்து சயான் போய்ச் சேருவதற்குள் மூன்று நாள் தாடி வளர்ந்துவிடும். 2011 ஜூலையில், மழை பிடித்த வாரத்தில் இது தொடங்கியது. அந்த இடத்தில் தினமும் நின்றவர் ஜஹாங்கீர் ஒருவரே என்பதால் வேறு யாருக்கும் தாடி வளரவில்லை. பாண்டுப்பில் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஏறுவார். அரை மணி நேரம்கூட ஆகாது, சயானில் இறங்கும்போது காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் போல இருப்பார். கண் எரியும், பசி காதை அடைக்கும். ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே நான்கு வடாபாவைத் தின்றுவிட்டு தாராவியில் இருக்கும் தன் தோல்பைப் பட்டறைக்குப் போய், தையல் மிஷின் பக்கத்தில் வைத்திருக்கும் ரேஸரால் இரண்டாம் முறை சவரம் செய்துகொள்வார். பெட்டியில் இருந்தவர்கள் ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, மாட்டுங்காவில் கல்யாண மண்டபம் ஒன்றின் மானேஜரான கிட்டு, தானேயில் பச்சையாக வாங்கும் நேந்திரங்காய்ப் பையை ஜஹாங்கீரின் தோளில் மாட்டிவைக்க ஆரம்பித்தார். சயான் வருவதற்குள் காய் பழுத்திருக்கும். மண்டபத்துச் சமையலுக்கு அது சௌகரியமாக இருந்தது.

நாணு முலுண்ட்வாசி. பாலக்காட்டுக் குடும்பம், கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, அப்போது வயது முப்பத்தெட்டு. கம்பெனி செக்ரட்டரி பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். வீட்டில் படிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. மனைவி ருக்குதான் வண்டியில் போகும் நேரம் வீணாகிறதே, அதில் படித்தால் என்ன என்று கேட்டாள். அதனால் நாணு முலுண்டில் எதிர்த்திசை வண்டி பிடித்து தானேக்குப் போய், அங்கே புறப்படும் வண்டியில் ஜன்னல் சீட்டைப் பிடித்து, அதே முலுண்ட் வழியாகக் கடைசி ஸ்டேஷனான வி.டி.க்குப் போகத் தொடங்கினார். இதற்கு 'ரிட்டர்ன் வருவது' என்று பெயர். சட்டப்படி சரியா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் பெட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. தானேயிலிருந்து உட்கார்ந்து வருகிறவர்கள் காட்கோபர் வந்ததும் எழுந்து, நிற்கிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். எந்த போர்டிலும் எழுதாத சட்டம், ஆனால் மீறினவர் மறுநாள் அந்தப் பெட்டியில் தலைகாட்ட முடியாது. நாணுவின் இடம் ஜஹாங்கீருக்கு வர வேண்டியது. நாணு அப்படி வந்த முதல் நாளே கிட்டு கூட்டத்தைப் பார்த்து, "நாணுவுக்கு எக்ஸாம் இருக்கு. முடியறவரைக்கும் அவரை எழுப்ப வேண்டாம்" என்றார். ஜஹாங்கீர் உடனே சரி என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், படிக்கிற மனிதர் மேல் அவருக்கு மரியாதை இருந்தது. அந்த நெரிசலில் தன்னிடம் தமிழில் நாலு வார்த்தை பேசுகிறவர் என்பதால் பிரியமும் இருந்தது.

தாடி வளர்ந்துகொண்டிருந்த அந்த அரை மணி நேரம் நாணுவுக்கு மூன்று முழு நாட்களாக இருந்தது. அவருக்குப் பசிக்கவில்லை, கண் வலிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. அதையெல்லாம் எதிரில் நின்றவர் வாங்கிக்கொண்டார். ஒரு பக்கத்தைப் பத்து முறை படித்துவிட்டுத் தலை தூக்கினால் வண்டி விக்ரோலியைக்கூடத் தாண்டியிருக்காது. இது எங்கிருந்து வருகிற நேரம் என்பது நாணுவுக்கு முதல் மாதமே தெரியும். தெரியாது என்று அவர் பின்னாளில் ருக்குவிடம் சொன்னது பொய். எதிரே ஒரு முகம் கறுத்துக்கொண்டே வருவதைப் புத்தகத்தின் மேல் விளிம்பு வழியாக எத்தனை நாள் பார்க்காமல் இருக்க முடியும்? பரீட்சை வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

2012 ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது, பாஸ். மறுநாள் கால் கிலோ பேடா வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார். காட்கோபர் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். டப்பாவைத் திறந்து, பரீட்சை முடிந்தது, உட்காருங்கோ ஜஹாங்கீர் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் புதிதாக வந்த ஒருவன் நாணுவின் தோளைத் தட்ட, ஜஹாங்கீர் அவன் கையைப் பிடித்து விலக்கி, "சாருக்கு பரீட்சை இருக்கு பாய், தொந்தரவு செய்யாதீங்க" என்று இந்தியில் சொன்னார். நாணு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பேடாவை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை, பரீட்சைப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டையைக் கழற்றி, சட்டப் படிப்புப் புத்தகத்துக்குப் போட்டார். ருக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். "பாஸாயாச்சுன்னு அவாகிட்ட சொன்னேளா?" என்று கேட்டாள். நாணு பசையை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழுப்பு அட்டைக்குள் சட்டம் மூன்று வருடம் இருந்தது, பிறகு ஜெர்மன் மொழி, பிறகு மராத்தி இலக்கணம், பிறகு வரிச்சட்டம். நாணு ஆபீசில் படிப்படியாக ஏறி லீகல் மானேஜர் ஆனார். ஜஹாங்கீர் தலை நரைத்தது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி வாங்கினார். நாணுவுக்கு மடியில் புத்தகம் நிற்க ஒரு மரச்சட்டம் வைத்து, தோல்பை ஒன்று தைத்துக் கொடுத்து, விலை வாங்க மறுத்துவிட்டார். அவர் மனைவி ஃபர்ஸானாவை ரேஷன் கடையில் அவருடைய மகள் என்று எண்ணி எழுதிவிட்டார்கள். 2017 ஜூனில் மகள் ஹபீபாவை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, தாத்தா கையெழுத்து செல்லாது, தகப்பனாரை வரச்சொல்லுங்கள் என்று டீச்சர் சொன்னார். ஆதார் கார்டைக் காட்டி முப்பத்தைந்து வயது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை வண்டியில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பிள்ளைக்குத்தான் வெக்கமாப் போச்சு சார். வீடு வரைக்கும் கையப் பிடிக்காம தள்ளியே வந்தா." அன்று பாண்டுப்பிலிருந்து சயான் வரை, மூன்று நாளும், நாணு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவு வருடம் உட்கார்ந்தபிறகு, எழுந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். ஒருவனை அந்த நிலைமையில் நிறுத்திவிட்டு, கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததை நினைத்து அவர் செத்துப்போகலாம் போலக் கூசினார். கூசியபடியே பக்கத்தைத் திருப்பினார்.

2018 ஜனவரியில் கிட்டு தன் மண்டபத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தார். ரயில் நேரத்தை நல்லபடி உபயோகித்து முன்னுக்கு வந்த நாணு, இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்வார் என்று நோட்டீஸ். நூற்றிருபது பேர் வந்தார்கள், பெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஜஹாங்கீர் இஸ்திரி போட்ட சட்டையில், மனைவி மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சால்வை போட்டார்கள். நாணு பேச எழுந்தார். மைக்கைப் பார்த்ததும் மனிதருக்குப் புத்தி எங்கே போயிற்றோ, படித்ததையெல்லாம் வருடத்தோடு வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆகஸ்டில் கம்பெனி செக்ரட்டரி பரீட்சை பாஸ் என்றார். முன்வரிசையில் கிட்டுவின் தலை நிமிர்ந்தது. தான் என்ன சொன்னோம் என்று நாணுவுக்குப் புரிந்தபோது வார்த்தை மைக்கைத் தாண்டிப் போயிருந்தது. பெட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒருவர் கை தட்டினார். ஜஹாங்கீர்தான். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். நாணு அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றாமல் விளக்கையும் போடாமல் உட்கார்ந்திருந்தார். ருக்கு சாதம் போட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை பெட்டியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாணு வந்தபோது கிட்டு தன் காலை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பாண்டுப்பில் ஜஹாங்கீர் ஏறி வழக்கமான இடத்தில் வந்து நின்றதும் நாணு எழுந்தார்.

"உக்காருங்கோ ஜஹாங்கீர்."

"காட்கோபர் வரலியே சார்."

"பரவால்லை, உக்காருங்கோ. அந்தத் தாடி... நான்தான். எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்."

ஜஹாங்கீர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எனக்குந் தெரியும் சார். பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்."

அவர் உட்கார்ந்தார். விக்ரோலி வருவதற்குள் தூங்கிவிட்டார். நாணு அவர் முழங்காலுக்கு நேராக நின்று, போன நேரம் திரும்பட்டும், தன் முகத்தில் வளரட்டும் என்று காத்திருந்தார். சயானில் மோவாயைத் தடவிப் பார்த்தார். ஒரு முடிகூட வளரவில்லை. தூங்குகிறவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படவில்லை போலிருக்கிறது. தினமும் நாணு மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார், தினமும் ஜஹாங்கீர் தூங்கினார். நாணு அவருக்குப் பேப்பர் வாங்கிக் கொடுத்தார், பைகளின் படம் போட்ட புத்தகம் கொண்டுவந்தார், ஏதாவது பண்ணுங்கோ என்று கெஞ்சினார். "ஏழு வருசம் நின்னாச்சு சார். இப்பம் உக்காந்திருக்கதே எனக்குப் பெரிய வேலைதான்" என்று ஜஹாங்கீர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பதிலில் கோபம் இருந்ததா என்று நாணு பல நாள் யோசித்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

கொரோனாவில் வண்டிகள் நின்றன, மறுபடி ஓடின. நின்ற மாதங்களில் ஜஹாங்கீருக்கு மற்றவர்களைப் போல நாளுக்கு ஒரு நாள்தான் வயது ஏறியது. 2022 மழைக்காலத்தில் ஒரு நாள், அவர் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ஹபீபாவின் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடப்புத்தகம், முந்தைய வருடத்தது. மகள் பென்சிலால் ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே தமிழ் உச்சரிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, அவளுக்கே தமிழ் எழுத்து அரைகுறைதான். ஜஹாங்கீர் விரலை வைத்து முதல் வரியைப் படித்தார். வண்டி குலுங்கியது. நாணுவுக்குக் கண் எரிந்தது, வயிறு காந்தியது, முழங்கால் கடுத்தது. விக்ரோலியில் மோவாய் சொரசொரத்தது. குர்லாவில் அந்தத் தாடியில் பாதி நரை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியில் யாரும் வியக்கவில்லை. வரிசை மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். சயானில் ஜஹாங்கீர் எழுந்தார். முதல் பாடத்தை முடித்திருந்தார். அவருடைய நரை நரையாகவே இருந்தது, போனது எதுவும் அவர் முகத்துக்குத் திரும்பவில்லை. இறங்குவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து புது ரேஸர் ஒன்றை எடுத்து நாணுவிடம் கொடுத்தார்.

"ஆபீஸ்ல வச்சுக்கிடுங்க சார். வடாபாவ் நாலாச்சும் வேணும், ரெண்டு பத்தாது."

ஜஹாங்கீர் இப்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறார். நாணுவுக்கு ஆபீஸ் கணக்கில் ரிடையராக ஆறேழு வருடம் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர்கள் அவர் ரிடையராகி வெகுகாலம் ஆயிற்று என்று நினைத்து, மற்ற வண்டிகளில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அவர் உட்காருவதில்லை. கிட்டு, ஜஹாங்கீர் முதல்முறை புத்தகம் எடுத்ததற்கு மறுநாளே, நேந்திரங்காய்ப் பையைப் பழைய பழக்கத்தில் அவர் தோளுக்கு நீட்டி, பிறகு கையைத் திருப்பி நாணுவின் தோளில் மாட்டினார். நாணு பை நழுவாமல் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.