தகரப் பட்டை

முட்டை திருடும் மரநாய் ஏற முடியாதபடி மரத்துக்குத் தகரம் அடிப்பது எப்படி என்று வுத்திக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அடித்த ஆள் எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயமென்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

எல்லாம் வேலை சுத்தத்தால் வந்த வினை. மூங்கில் முளைகளை மரத்தில் அடித்து, அவற்றில் கால்வைத்து மூன்று ஆள் உயரம் ஏறி, கவட்டில் உட்கார்ந்துகொண்டான். குனிந்து தகரத்தைச் சுற்றிப் பிடித்தால் முளைகள் துருத்திக்கொண்டு நின்றன. முளை இருந்தால் மரநாய்க்கு அது படிக்கட்டு. ஆகவே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டான். தகரம் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. கடைசி ஆணியை அடித்துவிட்டு, இனி ஒரு எறும்புகூட ஏறாது என்று பெருமையோடு பார்த்தான். ஏறாதது இறங்கவும் இறங்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

சுத்தியலைத் திருப்பி ஆணிகளைப் பிடுங்கியிருக்கலாம். அதற்குள் மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. விடிகாலையில் குட்டைக்குப் போன ஜோடி திரும்பி வந்து உச்சிக் கூட்டில் இறங்கியது. ஊரார் யட்சன் என்று கூப்பிடும் பெரிய அரிவாள்மூக்கன் பறவை. கூடு கட்டி முடித்து இன்னும் முட்டையிடாத ஜோடி. இந்த நேரத்தில் மிரண்டால் கூட்டையே விட்டுப் போய்விடும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தலைநகர் நொம்பென்னிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. காட்டை வெட்டாதீர்கள், கண்ணி வைக்காதீர்கள், உங்கள் நெல்லை நாங்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. ஊர் சொன்னபடி செய்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை வந்ததும் அந்த நெல்லில்தான். பழைய கூரைத் தகரம்தான் இப்போது மரத்தைச் சுற்றியிருந்தது. அரிசி மூட்டை ஒவ்வொன்றிலும் யட்சன் படம் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் படம் மட்டும்தான் இருந்தது. "உங்க யட்சன் சாக்குலதான குடியிருக்கு" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தையில் கேட்பார்கள். இந்த மழைக்குத்தான் ஒரு ஜோடி நிஜமாகவே வந்தது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று கூட்டம் போட்டு, கையைத் தூக்கி வுத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். தூக்கியதில் பாதி கொசு அடிக்கத் தூக்கிய கை என்று அவன் மச்சினன் ப்ளோக் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதே ப்ளோக் கூப்பிடு தூரத்தில் உழுதுகொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். காவலுக்குக் கொடுத்த பச்சைச் சட்டைக்குள் முசுறு எறும்புகள் புகுந்து, அக்குளில் தொடங்கி முறையாக வேலை பார்த்தன. வுத்தி பல்லைக் கடித்துக்கொண்டான். வாழ்நாளில் இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்ததில்லை. அவன் மனைவி சரேன் பார்த்திருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டிருப்பாள்.

உச்சி வெயிலில் ப்ளோக் சோற்றுத் தூக்கோடு வந்து அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மச்சான், நீயும் கூடு கட்டிட்டியா?"

"மெல்லப் பேசுடா. மேல இருக்கு."

"எறங்கு. சோறு ஆறுது."

"எறங்க முடியாது."

ப்ளோக் தகரத்தைப் பார்த்தான். கீழே கிடந்த முளைகளைப் பார்த்தான். விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கட்டம்போட்ட துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் ஊரே வந்தது. நடவு வயலிலிருந்து வந்தவர்கள் முழங்கால் சேற்றோடு நின்றார்கள். அறுபது எழுபது பேர் சிரித்தார்கள்; சத்தம் வரவில்லை. வாயில் துண்டு, தோள்கள் குலுங்குகின்றன, கண்ணில் நீர் வழிகிறது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் வுத்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாயை மூடாத ஊர் இது.

நெல் சங்கத் தலைவி கொங்கியா விகாரையிலிருந்து ஏணி கொண்டுவரச் சொன்னாள். எதிலும் படாமல், உரசாமல், ஆறு பேர் ஏந்தி வந்தார்கள். ஆனாலும் மரத்தில் சாய்த்த நொடியில் பறவை இரண்டும் எழுந்தன. இரும்பில் இரும்பைத் தேய்த்தது போல ஒரு கூவல். காட்டுப் பக்கம் போய் மறைந்தன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வுத்தி ஏணி வழியே இறங்கியதும், ஜோடி திரும்பி வரட்டும் என்று எல்லாரும் தொலைவிலிருந்த வயல்களுக்கு விலகி வந்து, நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வுத்திக்கு மட்டும் கை ஓடவில்லை. ப்ளோக்கிடம் கேட்டான்.

"காவல்லருந்து என்னைய மாத்திடுவாங்களாடா?"

"மாத்தாம? மரநாயையே காவலுக்கு வெச்சிருவாங்க. அதுக்காவது எறங்கத் தெரியும்."

சரேனிடமும் கேட்டான். "நம்ம வீட்டுக் கூரையும் ஒழுகுது. அடுத்து அதுல ஏறி உக்காரு, சோத்த அங்கயே அனுப்புறேன்" என்றாள், அவன் முதுகிலிருந்து ஒரு முசுறைக் கிள்ளி எடுத்தபடி.

கடைசியில் கொங்கியாவிடம் போனான். அவள் முடி கட்டிய நாற்றை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெளையாட்டு வேணாம். நேராச் சொல்லுங்க. மாத்தப் போறீங்களா?"

அவள் நிமிரவில்லை. "எப்ப ஏறுன?"

"இருட்டு பிரியறப்ப."

"ப்ளோக்கு எங்க உழுதான்?"

"அந்தா, அந்த வயல்ல."

"கூப்பிட்டியா?"

"எப்பிடிக்கா கூப்பிடுறது? அதான் மேல உக்காந்திருந்துச்சே."

கொங்கியா கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தாள்.

"மாத்த மாட்டோம். அது திரும்ப வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீதான் காவல். சங்கத்துல நான் சொல்லிக்கிறேன்."

வுத்தி ஒரு முடி நாற்றை எடுத்துக்கொண்டு வரிசையில் போய்க் குனிந்தான். வயல் நீரில் இறக்கை விரித்த பெரிய நிழல் ஒன்று விழுந்து, ஒவ்வொரு முதுகையும் கடந்து மரத்தின் பக்கமாக நகர்ந்தது. நட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நாற்றுக் கையோடு அப்படியே குனிந்து நின்றார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.