சிவப்பு ஜோடி

நகரும் படிக்கட்டில் எப்படி நிற்பது என்றுகூட இந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியவில்லை. வழியை அடைத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் வருகிறவன் பறந்துதான் போக வேண்டும்.

"ஹாரன் அடிச்சாத்தான் ஒதுங்குவீங்களா?" என்றார் கிழவர். காலமெல்லாம் லாரி ஓட்டிய தொண்டை. முன்னால் நின்ற ஜோடி திடுக்கிட்டு ஒதுங்கியது.

"மெதுவா, மாமா," என்றான் பின்னால் வந்த அக்கா மகன். அழுது அழுது அவன் இமைகள் தடித்திருந்தன. "சாயங்காலந்தான் பெட்டிய மூடுவாங்க. நேரம் இருக்கு."

"நேரம் இருக்குன்னு சொன்னவன் எவன்டா நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்கான்?"

அக்கா முந்தின நாள் காலையில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து கால் வீங்கியிருந்தது. வீட்டிலிருந்த செருப்பு எதிலும் பாதம் நுழையவில்லை. உடுத்திவிட வந்த ஆள், "துணியப் போட்டு மூடிடலாம், காலை யாரு பாக்கப்போறா?" என்றான். அந்த வார்த்தை கிழவருக்குப் பொறுக்கவில்லை. அக்கா மகன் நூல் பிடித்து அளந்ததையும் நம்பாமல், தானே ஒருமுறை அளந்து, முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாலுக்குள் நடுவில் தண்ணீர் பீய்ச்சிய தொட்டியைக் காணோம். அந்த இடத்தில் போனுக்கு உறை விற்றார்கள். ஆனால் மாடியில் திரும்பியதும் அந்த உருண்டைத் தூண் அப்படியே நின்றது. பெயின்ட் மட்டும் புதுசு. அவர் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அதை ஒட்டிய கடையில் இன்றைக்கும் செருப்புதான், பெயர்ப்பலகை வேறு.

அந்த நாட்களில் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் இருக்க முடியாமல், அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இங்கேதான் வருவாள். ஓசிக் குளிர். செருப்புக் கடையில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக எடுத்துவரச் சொல்வாள். ஒவ்வொன்றையும் போட்டுத் தூண்வரை நடப்பாள், திரும்புவாள். கடைசியில் மூஞ்சியைச் சுளித்து, "விரல்ல இடிக்குது" என்று கழற்றி வைப்பாள். இடிப்பது விரல் இல்லை என்று கடைக்காரருக்கும் தெரியும்.

"யாருக்குங்க ஐயா?" என்றாள் கடைப்பெண்.

"எங்கக்காவுக்கு." நூலை நீட்டினார்.

"வயசானவங்கன்னா வழுக்காத அடியாப் பாத்து எடுக்கணும். ரொம்ப நடப்பாங்களா?"

அக்கா மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நடந்தவதான். இப்ப இல்ல."

"கூட்டிட்டு வந்திருந்தா போட்டே பாத்திருக்கலாம். பரவால்ல, சேரலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க. மாத்தித் தரேன்."

"இப்ப அப்படித்தான் சொல்வீங்க. அப்புறம் அடி தேஞ்சிருக்கு, போட்டு நடந்திருக்காங்கன்னு கதை விடுவீங்க."

"நடக்காம கொண்டாந்தா கண்டிப்பா மாத்துவேன், ஐயா."

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார்.

அக்கா மகன் கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்தான். கிழவர் அதை வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டு, வார் வைத்த சிவப்பு ஜோடியைக் கையிலெடுத்தார்.

"சிவப்பா? இந்த நேரத்துலயா, மாமா?"

"உனக்கு அம்மா ஆகறதுக்கு முன்னாடியே அவ எனக்கு அக்காடா."

வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள், அவர் வாயைத் திறக்காமலே ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா மகன் ஒவ்வொரு காலாகத் தூக்கி, மெதுவாகப் போட்டுவிட்டு வாரைப் பூட்டினான். இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"பாருங்க மாமா. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

கிழவர் குனிந்தார். கட்டைவிரலால் ஒரு முனையை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் மற்றதை. மறுபடி முதலாவதை.

"விரல்ல இடிக்கும்டா."

"இல்ல மாமா, எடம் இருக்கே. நல்லாப் பாருங்க."

"உனக்கென்ன தெரியும்?" என்றார். நூலை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.