வெந்நீரில் மிதந்தது

மார்பில் சத்திரசிகிச்சை செய்த பிறகு பஹ்மியா தன் கணவன் இஹ்ஸானின் முன்னால் ஒருநாளும் உடை மாற்றியதில்லை. புற்றுநோய் என்று இடப்பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மருந்தேற்றிய காலம் முடிந்து, கொட்டிய தலைமுடி திரும்ப வளர்ந்து, கிண்ணியாவில் அயலவர்கள் விசாரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அவள் முழு உடையும் உடுத்திக்கொண்டுதான் குளியலறையிலிருந்து வெளியே வருவாள். படுப்பதற்கு முன் விளக்கை அணைத்துவிடுவாள். பழைய தலையணையொன்றைப் பிரித்து, அதிலிருந்த இலவம் பஞ்சை எடுத்துச் சிறு பொதியாகத் தைத்து வைத்திருந்தாள். வெளியே போகும்போது சட்டைக்குள் இடப்பக்கத்தை அதுதான் நிரப்பும்.

இஹ்ஸான் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துபவன். வீட்டில் அதிகம் கதைக்கமாட்டான். அவள் விளக்கை அணைத்ததும் அவனும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவனுக்குத் தன்னைப் பார்க்க அருவருப்பு என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டு, அவன் ஓம் என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

அவர்களுடைய மகள் ஸல்ஹா கணவனோடு யப்பானில், மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. உம்மா நோயில் கிடந்தபோது வந்து பார்க்க முடியவில்லையே என்ற குறை அவளுக்குத் தீரவேயில்லை. கார்த்திகைக் கடைசியில் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்து சில நாட்களில், மலைக்குள் ஒரு வெந்நீரூற்று விடுதிக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு அவர்களைக் கூட்டிப் போனாள். வழி முழுக்க நெட்டையான மரங்கள். ஆங்காங்கே ஒரு வீடு. இலை கொட்டிய மரமொன்றில் செம்மஞ்சள் பழங்கள் மட்டும் பறிப்பாரின்றித் தொங்கின. விடுதியை நெருங்கும்போது தெருவோர வடிகானிலிருந்தே ஆவி எழுந்தது.

இஹ்ஸான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மணம் பிடித்தான். "முட்ட அவிச்ச மாதிரி மணக்குது. நம்மட கன்னியாச் சுடுதண்ணிக் கிணறு மாதிரித்தானே மகள்? வாளியால அள்ளித் தலையில ஊத்துற?"

"இல்ல வாப்பா. இது உள்ளுக்கு இறங்கிக் கழுத்தளவுக்கு இருக்கிற. உடுப்போட இறங்க விடமாட்டாங்க."

பின்னால் இருந்த பஹ்மியா தலையை மூடியிருந்த முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பயப்பிடாதீங்க உம்மா," என்றாள் ஸல்ஹா. "மத்த ஆக்களோட இல்ல. குடும்பத்துக்கெண்டு தனியா ஒண்டு இரிக்கி. கதவப் பூட்டிக்கலாம். ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு மணித்தியாலம் சொல்லி வச்சிரிக்கன்."

"எனக்குத் தடிமன் புடிக்கும். நான் மாட்டன்."

"இவ்வளவு தூரம் வந்து…"

"அவவுக்கு வேணாமெண்டா விடு மகள்," என்றான் இஹ்ஸான்.

அந்தச் சொல் பஹ்மியாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. வற்புறுத்த மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு சுறுக்காக விட்டுவிடுவான் என்று அவள் நினைக்கவில்லை.

விடுதிக்காரப் பெண் குனிந்து வரவேற்றுத் தேநீர் கொடுத்தாள். ஸல்ஹா அவளோடு முன்னறையில் கதைத்துக்கொண்டிருந்தாள். அங்கே எழுதியிருந்த ஒன்றும் விளங்காததால் இஹ்ஸான் தனியாகப் போகத் தயங்கினான். துவாயையும் மாற்றுடுப்பையும் எடுத்துக்கொண்டு பஹ்மியா துணைக்குப் போனாள். உடை மாற்றும் சிறிய மரஅறை, அதற்கப்பால் ஓர் இழுவைக் கதவு, கதவுக்கு வெளியே மூங்கில் வேலி அடைத்த முற்றம். முற்றத்தின் நடுவில் பாறைகளால் கட்டிய சிறு குளம். இலேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது.

இஹ்ஸான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். "அல்லாஹ், என்ன சூடு," என்று அவன் முனகுவது கேட்டது. பிறகு தண்ணீர் தளும்பியது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. பஹ்மியா வாங்கில் உட்கார்ந்து, கைகளை அக்குளுக்குள் வைத்துக் குளிரை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பிரஷர் இருந்தது. அதிக நேரம் இருக்கக் கூடாது என்று மகள் சொல்லித்தான் விட்டாள். ஆனால் தண்ணீர் அவனுக்குப் பிடித்துவிட்டது.

"இஞ்சாருங்க, போதும். எழும்புங்க," என்று பஹ்மியா கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்."

அவன் எழும்பும் சத்தம் கேட்டது. உடனே மரவாளி ஒன்று கல்லில் விழுந்து உருண்டது. அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

கதவை இழுத்துப் பார்த்தபோது அவன் பாறையில் சாய்ந்தபடி, வாய்வரை தண்ணீருக்குள் சரிந்துகொண்டிருந்தான். பஹ்மியா அபாயாவோடும் முந்தானையோடும் அப்படியே குளத்துக்குள் இறங்கினாள். அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். இடக்கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போது நினைவில் இல்லை. இழுத்து அவனைக் கரைக்கல்லில் உட்காரவைத்து, வேலியோரத்தில் தேங்கியிருந்த பனியை அள்ளி அவன் நெற்றியிலும் பிடரியிலும் தேய்த்தாள்.

"இஹ்ஸான். கண்ணத் துறங்க. இஹ்ஸான்."

அவன் கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தலை சுத்திட்டு."

"ஸல்ஹாவக் கூப்பிடுறன்."

"வேணா. பிள்ள பயந்திரும். இப்ப ஒண்டுமில்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்ட நீ, என்ன?"

அவள் அவன் தோளில் துவாயைப் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு நடுக்கம் பிடித்தது. நனைந்த துணி பனிக்காற்றில் உடம்போடு ஒட்டிக் குளிர்ந்தது. பற்கள் தந்தியடித்தன.

இஹ்ஸான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவிக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. குனிந்து எடுத்தான். கைக்கு அடக்கமான சிறிய துணிப் பொதி.

"இது என்ன? தல வச்சிக் கிடக்கிறதுக்குக் குடுக்கிறாங்களாக்கும்," என்று பிழிந்து, தன் பிடரிக்குப் பின்னால் வைக்கப் போனான்.

பஹ்மியா நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். "அது என்ட," என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பொதியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே வைப்பதா அவளிடம் கொடுப்பதா என்று தெரியாமல் விழித்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் பஹ்மியாவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. நடுக்கத்தோடு சேர்ந்து விக்கி விக்கிச் சிரித்தாள். அவனும் சிரிக்கத் தொடங்கினான். இருவரும் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"விறைக்கிறாய்," என்றான் இஹ்ஸான். "ஈர உடுப்பக் கழட்டிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கு. நான் அங்கால பாக்கிறன்."

அவன் உண்மையாகவே வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டான். பஹ்மியா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு இறங்கினாள். சூடு முதலில் சுட்டது, பிறகு எலும்புக்குள் போய் இறங்கியது. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பால்நிறம். ஒன்றும் தெரியவில்லை.

அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முதுகை வைத்துத்தான் இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் தீர்மானித்தாள்.

"திரும்புங்க," என்றாள்.

அவன் திரும்பினான். பஹ்மியா இடுப்பளவு எழும்பி நின்றாள். நெஞ்சின் குறுக்கே அக்குள்வரை ஓடிய தழும்பு வெந்நீரில் சிவந்திருந்தது. அவன் பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை.

"நோகுதா?"

"நோவில்ல. சில நேரத்தில அரிச்சுக் கடிக்கும். அவ்வளவுதான்."

"ஒருக்காலும் சொல்லல்லயே."

"நீங்க கேக்கல்ல."

"எப்பிடிக் கேக்கிற? நீ லைட்ட நூத்திட்டுக் கிடப்பாய். நான் பாத்தா ஒனக்கு வெக்கமாயிரிக்கும், வேதனையாயிரிக்குமெண்டுதான் அங்கால திரும்பிப் படுத்தனான். இண்டைக்கும் அதுக்குத்தான் மகள்ட்ட விடச் சொன்ன."

"எனக்கு வேற மாதிரி விளங்கிட்டு."

"என்ன மாதிரி?"

அவள் குனிந்து தழும்பைப் பார்த்தாள். அதிலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. காலை மட்டும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அவளுக்கு அருகில் கரைக்கல்லில் உட்கார்ந்தான். "மடையன் நான்," என்றான் மெதுவாக.

"நானுந்தான்," என்று பஹ்மியா மறுபடி தண்ணீருக்குள் அமிழ்ந்தாள். மேலே பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் தலைமுடியில் விழுந்த துகள்களை அவன் ஒரு விரலால் தட்டிவிட்டான்.

முன்னறைக்கு வந்தபோது பஹ்மியா விடுதியின் நீல அங்கியை உடுத்து, தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள். கையில் ஈர உடுப்பு மூட்டை. ஸல்ஹா எழும்பி நின்றாள். "உம்மா, நீங்களும் குளிச்சீங்களா?"

"உடுப்போட இறங்கிட்டன். இந்த விடுதிக்காரப் பிள்ளையிட்ட எனக்காக மன்னிப்புக் கேளு."

இஹ்ஸான் மயங்கிச் சரிந்ததையும் அவள் சொல்ல, விடுதிக்காரப் பெண் மகள் மூலம் அதைக் கேட்டுப் பதறி, இஹ்ஸானைச் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஸல்ஹா வாப்பாவை ஏசினாள். அவன் ஏச்சை வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அது எதற்கென்று மகளுக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பின், மாசி மாதம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பஹ்மியாவின் வழமையான கிளினிக். பக்கத்துக் கதிரையில் சாம்பல்தீவிலிருந்து வந்த புஸ்பராணி என்ற பெண் இருந்தாள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். அடுத்த கிழமை தனக்கும் மார்பை எடுக்கும் சத்திரசிகிச்சை என்று சொன்னவள், வராமலே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள்.

"எல்லாரும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு சொல்லுகினம் அக்கா. ஆனா ஒருத்தரும் அதைக் கண்டதில்லை. எப்பிடி இருக்குமெண்டு தெரியாமல் எனக்கு நித்திரையே இல்லை."

பஹ்மியா எழும்பினாள். நடைக்கூடத்தின் மறுகோடியில் நின்ற இஹ்ஸானிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு வந்தாள். "வாங்க தங்கச்சி," என்று புஸ்பராணியைப் பெண்களின் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். அபாயாவின் பொத்தான்களைக் கழற்றினாள்.

புஸ்பராணி நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று பஹ்மியா நினைத்தாள். அவள் அழவில்லை.

"கை தூக்க ஏலுமே அக்கா? எனக்குக் கிணத்தில தண்ணி அள்ளோணும்."

"முதல்ல கஷ்டம். பயிற்சி சொல்லித் தருவாங்க, விடாமச் செய்யணும்," என்ற பஹ்மியா இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இப்ப பாருங்க."

புஸ்பராணியும் தன் கையை மெல்ல உயர்த்தி, அவளுடைய கை எட்டிய உயரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.