ஆடியில் இரண்டு கிருத்திகை

"அப்போ வியாழக்கிழமை நான் பொறக்கவே இல்லையா?"

"பொறந்தேடா. அது தேதி. இன்னிக்கு நட்சத்திரம்."

"ரெண்டு தடவை பொறந்தேனா?"

"ஒரு தடவைதான். அதை ரெண்டு விதமாக் கணக்குப் பண்ணலாம். கையை எடுக்காதே, கெட்டியாப் பிடிச்சுக்கோ."

ஸ்கூட்டர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி சதுரங்கப்பட்டினம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கிட்டு, அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அவன் ஜெயகிருஷ்ணன், நாலாம் வகுப்பு. செங்கல்பட்டில், பள்ளிக்கூட டீச்சரான அம்மா மானசாவோடு இருக்கிறான். அப்பா அச்சுதன் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறார். அங்கேயே மொட்டைமாடியில் ஓர் அறை.

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது கிட்டுவின் பிறந்தநாளும் இரண்டாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை. தானாகவே தேதி அம்மாவுக்குப் போனது, நட்சத்திரம் அப்பாவுக்கு வந்தது. வியாழக்கிழமை அம்மா கேக் வாங்கினாள், வகுப்புக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தனுப்பினாள். இன்று காலை அப்பா அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு, டிபன் டப்பாவில் பாயசத்தோடு வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தார். அம்மா இருக்கும் மாடி வீட்டுக்கு மேலே வரவில்லை.

கேக்கிலோ பாயசத்திலோ கிட்டுவுக்குக் குறை இல்லை. ஒரே ஒரு பிறந்தநாளில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கேட்டும் பார்த்தான். "அப்பாவுக்கு லீவ் கிடைக்காதுடா" என்றாள் அம்மா. "அம்மாவுக்கு எப்படித் தோதுப்படறதுன்னு பார்க்கலாம்" என்றார் அப்பா. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"என் கிளாஸ் ரக்ஷா சொன்னா, பர்த்டே முடிஞ்சப்புறம் கூட்டிண்டு போனா அது லேட் பர்த்டேயாம்."

"ரக்ஷாவுக்கு இன்னா தெரியும்னு கேளு."

"அப்பா! நீ 'இன்னா' சொன்னே! நான் சொன்னா மட்டும் அம்மா அடிக்க வரா."

"நான் ஊருக்குத் தகுந்த மாதிரி பேசறேன். லேட்டெல்லாம் இல்லை. சரியான நாள்ல வந்திருக்கேன், பாரு." அதைச் சொல்லும்போது அப்பாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. கிட்டுவுக்குக் கையிலேயே தெரிந்தது.

டச்சுக் கோட்டையில் கூட்டம் இல்லை. காவலாளி கல்லறைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்து செல்போன் பார்க்க ஆரம்பித்தார். அங்கே கிடந்த கல்லறைக் கல் ஒவ்வொன்றின் மேலும் கிட்டு குனிந்தான். எழுத்துகள் சுருண்டு சுருண்டு இருந்தன. ஒன்றும் புரியவில்லை. எண்கள் மட்டும் தெரிந்த முகங்கள் போல எட்டிப் பார்த்தன.

"இது பொறந்த வருஷமா, செத்த வருஷமா?"

"தெரியலைடா. ரெண்டும் இருக்கும்."

"நட்சத்திரம் எங்க போட்டிருக்கு?"

"அவாளுக்கு நட்சத்திரம் கிடையாது."

"கிடையாதா? அப்போ ராத்திரில கப்பலை எப்படி ஓட்டினா?"

அச்சுதன் சிரித்துவிட்டார். "அதுக்கு உண்டு. பொறந்தநாளுக்குக் கிடையாது."

கிட்டு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான். வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. எங்கேயோ குளிரான ஓர் ஊரில் பிறந்து, எந்த நட்சத்திரம் என்று யாருமே கவனிக்காமல், இங்கே வந்து மண்ணுக்குள் படுத்திருக்கிற ஒருவர். அவருடைய அம்மா எந்த நாளில் அவரை நினைத்துக்கொண்டிருப்பாள்? தேதியில்தான். அவள் கேக் செய்திருப்பாளா? அவர் இங்கே இருந்தது அவளுக்குத் தெரியுமா? இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டால் பதில் வராது என்று தோன்றியது. கேட்காமல் வைத்துக்கொண்டான்.

வெளியே ஒரு டீக்கடை. வேண்டா என்ற கடைக்கார அம்மாள், பாயச டப்பாவைப் பார்த்ததும் ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னா விசேசம் சாமி?"

"பையனுக்குப் பொறந்தநாள்."

"நட்சத்திரப் பொறந்தநாள்" என்று கிட்டு திருத்தினான். "கிருத்திகை."

"அடி சக்கை, முருகன் நட்சத்திரம்! எங்க வூட்டுக்காரரும் இன்னிக்கி கிருத்திகை விரதம்தான். ஒண்ணும் துன்ன மாட்டாராம். பஜ்ஜி மட்டும் நாலு உள்ள போயிட்கீது." உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. வேண்டா குரலைத் தணிக்கவே இல்லை. "மாசக் கடைசில காவடி எடுக்கப் போறாரு. அதுக்குள்ள பஜ்ஜி மாஸ்டரு விரதத்தைக் கத்துகினா சரி."

கிட்டு எதிர்ப்பக்கத்து மின்கம்பத்தைப் பார்த்தான். அங்கே கட்டியிருந்த பேனரில் மயில், வேல், வரிசையாக ஊர்ப் பெரியவர்களின் போட்டோ. கண்ணில் படுவதை எல்லாம் அவன் சத்தமாகப் படிப்பான். இதையும் படித்தான்.

"ஆடிக் கிருத்திகைப் பெருவிழா. ஆடி முப்பத்தொண்ணு. பால்காவடி. அன்னதானம். அப்பா, இன்னிக்கு ஆடி நாலுதானே?"

அச்சுதன் திரும்பிப் பேனரைத் தானும் படித்தார். கையில் டீ அப்படியே நின்றது.

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் அவர் தினமும் தாள் கிழிப்பார். ஆடி பிறந்த அன்று, அடுத்த தாள்களைத் தூக்கிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையில் கிருத்திகை என்று கண்டதும் உடனே மேனேஜரிடம் ஓடி லீவ் கேட்டார். அதற்கு மேல் தாளைப் புரட்டவில்லை. அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை அவர். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதுதான் பிறந்தநாள் என்பதைப் பல் முளைப்பதற்கு முன்பே கேட்டு வளர்ந்தவர்.

சொல்லாமலே இருந்துவிடலாம். இவனுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆனால் கிட்டு பாயசத்தை வாயில் வைத்தபடி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்டு, அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன?"

"இந்த ஆடியில கிருத்திகை ரெண்டு தடவை வரது. ரெண்டு வந்தா பின்னாடி வரதைத்தான் எடுத்துக்கணும். உன் பொறந்தநாள் இன்னிக்கு இல்லை. அந்த பேனர்ல போட்டிருக்கே, அன்னிக்கு."

வேண்டா வாயில் கை வைத்தாள். "ஐயே, சாமி! பாயசமெல்லாம் எத்துகினு வந்துட்டியே!"

அழுதுவிடுவானோ என்று அச்சுதன் பயந்தார். கிட்டு ஸ்பூனை நக்கினான். கண் எங்கேயோ போயிருந்தது. கணக்குப் போடும்போது அவன் முகம் அப்படித்தான் ஆகும். அது மானசாவின் முகம்.

"அப்போ நீ லேட்டா வரலை. சீக்கிரம் வந்துட்டே."

"அப்படியும் சொல்லலாம்."

"வியாழக்கிழமை அம்மாவோட நாள். அது முடிஞ்சுடுத்து."

"ஆமா."

"உன்னோட நாளை நீ இன்னிக்கே எடுத்துண்டுட்டே. பாயசமும் காலி."

"சரி."

"அப்போ அன்னிக்கு யாரோட நாள்?"

கடலிலிருந்து காற்று வந்து பேனரை உப்பவைத்தது. மயில் ஒரு மூச்சு வாங்கியது போல இருந்தது.

"உன்னோட நாள்" என்றார் அச்சுதன்.

"என்னோடதுன்னா, யார் வரணும்னு நான் சொல்லலாமா?"

"சொல்லலாம்..." என்று இழுத்தார்.

"போனைக் குடு."

"இப்பவா? ஆத்துக்குப் போயி நிதானமா..."

"ஆத்துக்குப் போனா நீ மேலே வரமாட்டே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காதுல கேக்கணும். குடுப்பா."

வேண்டா பாய்லரைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அச்சுதன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மானசாவின் பெயரை அழுத்த அவருக்குச் சற்று நேரம் ஆனது. கிட்டு வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, டீ கிளாஸ்களுக்கு நடுவே பெஞ்சில் வைத்தான்.

"என்ன, பையன் சாப்பிட்டானா?" என்றாள் மானசா. எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி அது. பின்னால் குக்கர் சத்தம்.

"அம்மா, நான்தான். அப்பா பக்கத்துலதான் இருக்கா. ஒரு விஷயம் தெரியுமோ, இன்னிக்கு என் பொறந்தநாளே இல்லையாம்."

"என்னடா உளர்றே?"

"ஆடியில ரெண்டு கிருத்திகைம்மா. மாசக் கடைசில இன்னொண்ணு வரது. சனிக்கிழமை, உனக்கு ஸ்கூல் லீவ். அது உன் நாளும் இல்லை, அப்பா நாளும் இல்லை. என் நாள்."

குக்கர் சத்தம் நின்றது. அவள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அச்சுதன் போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டு பெஞ்சின் மேல் குனிந்து, போனுக்கு மிகப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"அம்மா, அன்னிக்கு நீயும் எங்களோட இங்க வரியா?"